650 வாட் போதுமா, 850 வேண்டுமா? நம்ம பக்கத்துக் கரண்டுக்கு ஏற்ற பவர் சப்ளை

படுவான்கரைப்பொடியன்:
எல்லோருக்கும் வணக்கம், ஸலாம். முதல் தடவையாக ஒரு கேமிங் கொம்பியூட்டரை நானே பூட்டப் போகிறேன். றைஸன் 5 5600 புரொசெசர், பி550 போர்ட், 16 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி எல்லாம் வாங்கியாயிற்று. கட்டாரில் இருக்கும் மாமா லீவில் வந்தபோது அவர் பாவித்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 3070 கிராபிக்ஸ் கார்டைக் கொண்டு வந்து தந்தார். அதில் எட்டுப் பின் குத்தும் இடம் இரண்டு இருக்கிறது. மிச்சம் இருப்பது எல்லாவற்றையும் உள்ளே வைக்கும் கேஸும், சுவர்க் கரண்டை மாற்றித் தரும் பவர் சப்ளையும்தான்.

டவுனில் ஒரு கடையில் கேஸோடு சேர்த்தே 600 வாட் சப்ளை தருகிறோம் என்கிறார்கள். பிராண்ட் சப்ளை தனியாக வாங்கப் போனால் அது கேஸை விட விலை. கடையில் லேபலைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன்: 3.3 வோல்ட் 22 ஆம்பியர், 5 வோல்ட் 24 ஆம்பியர், 12 வோல்ட் 25 ஆம்பியர், கீழே பெரிய எழுத்தில் 600 வாட். கரண்டை அதிகம் வீணாக்காமல் தரும் என்பதற்கான 80 பிளஸ் முத்திரை இல்லை. 3070க்கு 650 வாட் சப்ளை வேண்டும் என்று என்விடியா சொல்கிறது. "50 வாட்தானே குறைவு, ஓடும்" என்கிறார் கடைக்காரர்.

இன்னொரு விஷயம். எங்கள் வீடு மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம், லைனின் கடைசியில். பின்னேரம் ஆறரைக்குப் பிறகு பல்ப் மங்கும், ஃபேன் மெதுவாகச் சுற்றும். மாரியில் கரண்ட் போய்ப் போய் வரும். இதற்கெல்லாம் தாக்குப்பிடிக்கிற மாதிரி எதை வாங்குவது?

கல்லடிவாவி:
தம்பி, லேபலை எழுதிக்கொண்டு வந்தது நல்ல வேலை. உங்கள் கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறது. கூட்டிப் பாருங்கள். 3.3 ஐ 22 ஆல் பெருக்கினால் 72 சொச்சம். 5 ஐ 24 ஆல் பெருக்கினால் 120. 12 ஐ 25 ஆல் பெருக்கினால் 300. எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்துக் கூட்டினாலும் 500க்குக் கிட்டத்தான் வருகிறது. அந்தப் பெட்டி 600 வாட் இல்லை என்பதை அதன் லேபலே சொல்கிறது.

அதை விட முக்கியம், அந்த 500 இல் உங்களுக்குப் பயன்படுவது 12 வோல்ட் பக்கம் மட்டும்தான். புரொசெசர், கிராபிக்ஸ் கார்ட், ஃபேன் எல்லாம் இப்போது 12 வோல்டில் இருந்துதான் இழுக்கின்றன. 3.3, 5 வோல்ட் லைன்களில் பெரிய வேலை இல்லை. ஆகவே நீங்கள் வாங்கப் பார்ப்பது உண்மையில் ஒரு 300 வாட் சப்ளை.

இனி செலவுப் பக்கம். 3070 கார்டின் கணக்கு 220 வாட். 5600 புரொசெசர் பெட்டியில் 65 வாட் என்று இருந்தாலும் 76 வாட் வரை போகும். இரண்டும் சேர்ந்தால் 296. போர்ட், ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் இதற்கு மேலே. சுமாராக 350 வாட் என்று வையுங்கள். 3070 மாதிரி 30 வரிசைக் கார்டுகள் ஒரு சில மில்லி செக்கனுக்கு இந்தக் கணக்கை நன்றாகத் தாண்டிக் குதிக்கும், அது பேர்போன விஷயம். நல்ல சப்ளை அந்தக் குதியைத் தாங்கிக்கொள்ளும். மட்டமான சப்ளையில் 12 வோல்ட் சரியும், கேம் நடுவில் கொம்பியூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். ஆட்கள் விண்டோஸை அழித்துப் போடுவார்கள், ராமை மாற்றுவார்கள், மறுகாலும் அதே பிரச்சினை வரும். ரிப்பேருக்கு வரும் கேமிங் மெஷின்களில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

ரீஸ்டார்ட் ஆவது கூடப் பரவாயில்லை. நல்ல சப்ளைக்குள் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தாலோ, வோல்டேஜ் கூடினாலோ, ஷோர்ட் ஆனாலோ, சூடு ஏறினாலோ தன்னை அணைத்துக்கொள்ளும் சேர்க்கிட்கள் இருக்கும். விலையை இறக்குவதற்காக முதலில் வெட்டப்படுவது அவைதான். அப்படி ஒன்று சாகும்போது மாமா தந்த கார்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். கேஸோடு வருவதை எடுக்காதீர்கள். 650 வாட், 12 வோல்டில் 50 ஆம்பியருக்கு மேல், 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கலத் தரம்), தெரிந்த பிராண்ட். உங்கள் கணக்குக்கு அது தாராளம்.

ஏறாவூர்வேங்கை:
மச்சான், வாங்குவது என்றால் ஒரேயடியாக 850 கோல்ட் (80 பிளஸில் தங்கத் தரம்) வாங்கு. சப்ளை ஒன்றுதான் அடுத்த மெஷினுக்கும் கொண்டு போகக்கூடிய சாமான். புரொசெசர் பழசாகும், கார்ட் பழசாகும், நல்ல சப்ளை அப்படியே நிற்கும். நாளைக்கு ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ மாதிரி ஒரு பெரிய கார்ட் போட ஆசை வந்தால் 650ஐக் கழற்றி விற்க வேண்டும். இங்கே பாவித்த சப்ளைக்கு யார் காசு தருவார்கள்?

படுவான்கரைப்பொடியன்:
அண்ணா சொன்ன கூட்டல் கணக்கைப் பார்த்த பிறகு அந்த 600ஐ விட்டுவிட்டேன். நன்றி.

ஆனால் 850 போட்டால் கரண்ட் பில் கூடாதா? வீட்டில் பில் கட்டுவது அப்பா. அவரிடம் முதலே சொல்லி வைக்க வேண்டும்.

ஒலுவில்மின்பொறி:
தம்பி, பில் கூடாது. 850 என்பது அதிகபட்சம் எவ்வளவு தர முடியும் என்பது. மெஷின் 350 கேட்டால் 350தான் கொடுக்கும். பில்லைத் தீர்மானிப்பது அந்த 350ஐக் கொடுக்கச் சுவரில் இருந்து எவ்வளவு எடுக்கிறது என்பது. அதற்குத்தான் இந்த 80 பிளஸ் முத்திரை.

பிரான்ஸ் என்றால் பாதி லோடில் 85 சதவீதம், கோல்ட் என்றால் 90 சதவீதம். இது 115 வோல்டில் எடுத்த கணக்கு. நம்முடைய 230 வோல்டில் இரண்டுமே கொஞ்சம் மேலே நிற்கும். 350 வாட் கொடுக்க பிரான்ஸ் சுமார் 412 வாட் எடுக்கும், கோல்ட் சுமார் 389 எடுக்கும். வித்தியாசம் 23 வாட். தினமும் நாலு மணித்தியாலம் விளையாடினாலும் மாதத்துக்கு மூன்று யூனிட் வராது. ஆகவே கோல்ட் வாங்கினால் பில்லில் காசு மிஞ்சும் என்று யாராவது சொன்னால் நம்பி அதிகம் செலவழிக்க வேண்டாம். அப்பாவிடம் சொல்ல வேண்டியது சப்ளையைப் பற்றி அல்ல, எத்தனை மணித்தியாலம் விளையாடுவீர்கள் என்பதைப் பற்றி.

வீணாகும் வாட் எல்லாம் சூடாகத்தான் வெளியே வருகிறது. பிரான்ஸில் 62 வாட் சூடு, கோல்டில் 39. 80 பிளஸ் சோதனை 23 பாகை வெப்பநிலை வைத்துச் செய்வது. சித்திரை, வைகாசியில் நம்முடைய அறைகளில் 23 பாகை எங்கே இருக்கிறது? ஏசி இல்லாத அறையில் பகல் 33, 34 சாதாரணம். கேஸுக்குள் இன்னும் கூடும். சப்ளைக்குள் இருக்கும் கப்பாசிட்டர்களின் ஆயுள், சூடு 10 பாகை கூடினால் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. 85 பாகைக் கப்பாசிட்டர் போட்டதா, 105 பாகை போட்டதா என்று தேடிப் பார்க்கச் சொல்வது இதனால்தான். கோல்டுக்குக் கூடக் கொடுக்கும் காசை நான் நியாயப்படுத்துவது இந்தச் சூட்டுக் கணக்கில் மட்டுமே.

கல்லடிவாவி:
ஒலுவில் தங்கச்சி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 80 பிளஸ் முத்திரை வீணாக்காமல் கொடுக்கிறதா என்பதை மட்டும்தான் பார்க்கிறது. பாதுகாப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 2021 இல் கிகாபைட் பி750ஜிஎம், பி850ஜிஎம் சப்ளைகள் கோல்ட் முத்திரையோடு வந்தவைதான். சோதனையில் அவை வெடித்துப் போனதை கேமர்ஸ் நெக்ஸஸ் என்ற யூடியூப் சேனல் காட்டியது. அளவுக்கு மேல் போனால் அணைக்கிற எல்லை அவற்றில் 120 முதல் 150 சதவீதம் வரை விடப்பட்டிருந்தது. பிறகு கம்பனி அதை 110 முதல் 120 ஆகக் குறைத்தது, மாற்றியும் கொடுத்தது. ஆகவே முத்திரையைப் பார்த்து நிற்காமல் அந்த மாதிரியை யாராவது பிரித்துச் சோதித்திருக்கிறார்களா என்று தேடுங்கள். பிராண்ட் பெயரை மட்டும் நம்புவதும் போதாது. ஒரே கம்பனியே நல்லதும் செய்யும், சுமாரானதும் செய்யும்.

வேங்கைத் தம்பி, 850 தப்பில்லை. ஆனால் பொடியன் காசை எண்ணி வாங்குகிறார். 5070 டிஐக்கே என்விடியா சொல்வது 750 வாட். 5070க்கு 650தான். வருங்காலத்துக்கு என்று பார்த்தாலும் 750 போதும். மிச்சம் பிடிக்கிற காசு அவருக்கு யூபிஎஸுக்குத் தேவைப்படும்.

சாய்ந்தமருதுக்கரை:
யூபிஎஸ் என்றதும் வந்தேன். லைன் கடைசியில் வீடு, பின்னேரத்தில் மங்குது என்றால் முதலில் பார்க்க வேண்டியது வாட் இல்லை, இன்புட் வோல்டேஜ். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். சிலதில் 100-240 என்று இருக்கும், சிலதில் 200-240 என்று இருக்கும். இரண்டும் ஒரே பெயர், ஒரே வாட், ஒரே படத்தோடு கூட வரும். நம்ம பக்கத்துக்கு 100-240 உள்ளதை எடுங்கள். லைன் 180க்கு இறங்கினாலும் அது பாட்டுக்கு ஓடும், கொஞ்சம் கூட ஆம்பியர் எடுக்கும், அவ்வளவுதான். ஃபிரிட்ஜுக்கு வாங்குகிற ஸ்டெபிலைசரை இதற்கு வாங்கத் தேவையில்லை.

வெளிநாட்டில் இருந்து யாராவது பழைய சப்ளை கொண்டு வந்து தந்தால் பின்பக்கம் 115/230 என்று ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அது 115 இல் இருக்கும்போது இங்கே குத்தினால் அந்தக் கணமே முடிந்தது.

ஒலுவில்மின்பொறி:
காக்கா சொன்னது ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கரண்ட் ஒரு கண் சிமிட்டுகிற நேரம் போய் வருகிற பிரச்சினையும் இதோடு சேர்ந்ததுதான்.

சப்ளைக்குள் வரும் கரண்ட் முதலில் ஒரு பெரிய கப்பாசிட்டரில் சேருகிறது. ஆக்டிவ் பிஎஃப்சி (லைனில் இருந்து கரண்ட் எடுப்பதைச் சீராக்கும் சேர்க்கிட்) உள்ள சப்ளையில், லைன் 230 ஆனாலும் 180 ஆனாலும், அந்தக் கப்பாசிட்டர் ஏறக்குறைய 380, 400 வோல்டில் நிலையாக நிற்கும். பிஎஃப்சி இல்லாத மலிவுச் சப்ளையில் அது லைனோடு சேர்ந்து ஏறி இறங்கும். 230 இல் சுமார் 325 வோல்ட், 180 இல் சுமார் 254. கப்பாசிட்டரில் சேரும் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தோடு போவதால் பின்னேரத்தில் சேமிப்பில் கிட்டத்தட்ட 40 சதவீதம் காணாமல் போகிறது. பகலில் லைட் சிமிட்டினால் தாங்குகிற மெஷின் இரவு எட்டு மணிக்கு அதே சிமிட்டலில் அணைந்து போவது இதனால்தான்.

கரண்ட் அறுந்த பிறகு எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதற்கு கொம்பியூட்டர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் என்ற பொது விதியில் அளவு இருக்கிறது. பழைய விதியில் முழு லோடில் 16 மில்லி செக்கன். ஏடிஎக்ஸ் 3.0 இல் 80 சதவீத லோடில் 17. நம்ம 50 ஹேர்ட்ஸ் லைனில் ஒரு சுற்று 20 மில்லி செக்கன், ஆகவே ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. யூபிஎஸ் ஒன்று பேட்டரிக்கு மாற எடுக்கும் நேரம் இதற்குள் அடங்க வேண்டும். சாதாரண லைன் இன்டரக்டிவ் யூபிஎஸ்கள் 10 மில்லி செக்கனுக்குள் மாறிவிடும். நல்ல சப்ளைக்கு அது பிரச்சினை இல்லை.

படுவான்கரைப்பொடியன்:
அக்கா, இதை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. வீட்டில் ஏற்கெனவே 650 விஏ யூபிஎஸ் ஒன்று இருக்கிறது, அண்ணா ஒபிஸ் கொம்பியூட்டருக்கு வாங்கியது. அது தாங்குமா?

சாய்ந்தமருதுக்கரை:
தாங்காது தம்பி. விஏ (வோல்ட் ஆம்பியர்) வேறு, வாட் வேறு. 650 விஏ என்று எழுதியதில் பெரும்பாலும் 350 முதல் 390 வாட் வரைதான் எடுக்கலாம். உங்கள் மெஷின் சுவரில் இருந்து 400க்குக் கிட்ட எடுக்கும், மொனிட்டர் வேறு இருக்கிறது. கேம் ஓடும்போது கரண்ட் போனால் யூபிஎஸ் கீச்சென்று கத்தி உடனே அணையும். 1000 அல்லது 1200 விஏ, 600 வாட் அளவு என்று எழுதியதைப் பாருங்கள். அதிலும் விளையாடிக்கொண்டே இருக்கலாம் என்று நினைக்க வேண்டாம். சேவ் பண்ணி ஒழுங்காக அணைக்க ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும். பழைய யூபிஎஸை ரவுட்டருக்குப் போடுங்கள், கரண்ட் போனாலும் வைஃபை நிற்கும்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். மலிவு யூபிஎஸ் பேட்டரியில் ஓடும்போது தருவது சுவர்க் கரண்ட் மாதிரி வழவழப்பான சைன் வேவ் இல்லை, படிப்படியான அலை. ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள சில சப்ளைகளுக்கு அது ஒத்துவராது. யூபிஎஸ் மாறுகிற அந்த நேரத்தில் மெஷின் அணைந்துவிடும், யூபிஎஸ் ஓவர்லோட் காட்டும். இரண்டு சாமானும் நல்லவைதான், சேராது. பியூர் சைன் வேவ் யூபிஎஸ் என்றால் இந்தப் பேச்சே இல்லை, ஆனால் விலை. முடியாவிட்டால் கொஞ்சம் பெரிய யூபிஎஸாக எடுத்து, வாங்கிய கிழமையே ஒரு கேமை ஓட விட்டு, சேவ் பண்ணியபின் சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். பில் கையில் இருக்கும்போதே தெரிந்துவிடும்.

காரைதீவுவயரிங்:
எல்லாம் பேசினீர்கள், எர்த்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தம்பி, உங்கள் அறையில் இருப்பது 13 ஆம்பியர் சதுரப் பின் பொயின்டா, பழைய 5 ஆம்பியர் வட்டப் பின் பொயின்டா? எர்த் வயர் உள்ளே வந்திருக்கிறதா?

படுவான்கரைப்பொடியன்:
பழைய வட்டப் பின் அண்ணா. ஒரு மல்டி அடப்டர் போட்டுத்தான் இப்போது லாப்டொப் சார்ஜ் போடுகிறோம். எர்த் வயர் இருக்கிறதா என்று தெரியாது. அண்ணாவின் பழைய கொம்பியூட்டர் இருந்த காலத்தில் வெறுங்காலோடு கேஸைத் தொட்டால் சுள் என்று இருக்கும். கேஸ் பழுது என்று நினைத்தோம்.

காரைதீவுவயரிங்:
அது கேஸ் பழுது இல்லை. எர்த் இல்லை என்பதன் அடையாளம். சப்ளை வாங்க முதல் இதைச் செய்யுங்கள்.

எல்லா நல்ல சப்ளையிலும் லைன் வாசலில் ஒரு ஃபில்டர் இருக்கிறது. அதில் லைவில் இருந்து பொடிக்கு (இரும்புக் கூட்டுக்கு) ஒரு சின்னக் கப்பாசிட்டர், நியூட்ரலில் இருந்து பொடிக்கு இன்னொன்று. அதில் வழிகிற சிறு கரண்ட் எர்த் வயரால் மண்ணுக்குப் போக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் இரும்புக் கேஸ் முழுக்க லைனில் பாதி, 115 வோல்ட் அளவில் மிதக்கும். ஆம்பியர் மிகக் குறைவு என்பதால் சுள் என்று மட்டும் இருக்கிறது. ஆனால் சப்ளைக்குள் ஏதாவது உடைந்து லைவ் நேரே பொடியைத் தொட்டால் ட்ரிப் சுவிட்சுக்கு அது தெரியாது, தொடுகிற ஆள்தான் அதற்கு வழி. மாரியில் ஈரச் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற வீடுகள் நம்முடையவை. ஒரு லட்ச ரூபாய்க் கார்டை விட இது பெரிய விஷயம்.

மல்டி அடப்டரில் எர்த் பின் இருக்கிற மாதிரி இருக்கும், உள்ளே ஒன்றோடும் தொடுத்திருக்காது. வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு டிபி போர்டில் (வீட்டுக் கரண்ட் பிரியும் சுவிட்ச் பெட்டி) இருந்து எர்த்தோடு ஒரு 13 ஆம்பியர் பொயின்ட் இழுத்துக்கொள்ளுங்கள். எர்த் கம்பியை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். நம்ம கரைப்பக்க மணலில் கம்பியைக் கொஞ்சம் அடித்துவிட்டுப் போனால் கோடையில் மணல் காய்ந்ததும் எர்த் செத்துவிடும், ஈரம் தட்டும் ஆழம் வரை போக வேண்டும். படுவான்கரையில் வயல் மண் என்றால் அவ்வளவு கஷ்டம் இருக்காது. 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அமத்தினால் விழுகிறதா என்றும் பாருங்கள்.

இடியைப் பற்றியும் ஒரு சொல். திடீரென்று ஏறும் வோல்டேஜைத் தடுக்கும் சேர்ஜ் பாதுகாப்புப் பலகை வாங்கி வைத்திருப்பார்கள், எர்த் இல்லாத பொயின்டில் குத்துவார்கள். அது மிச்சக் கரண்டை எங்கே கொண்டு போய் விடும்? சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடி முழங்கினால் ப்ளக்கைக் கழற்றுவதை விட நல்ல பாதுகாப்பு இல்லை. சுவிட்சை அணைத்தால் போதாது, கழற்ற வேண்டும். இன்டர்நெட் பழைய செம்புத் தொலைபேசி வயரில் வந்தால் அதையும் கழற்றுங்கள். ஃபைபர் என்றால் அந்தப் பயம் இல்லை.

ஏறாவூர்வேங்கை:
எங்கள் வீட்டிலும் கேஸில் அந்தச் சுள் இருக்கிறது. இந்தக் கிழமையே ஆள் கூப்பிடுகிறேன். நன்றி நானா.

கல்லடிவாவி:
வயரிங் அண்ணன் சொன்னதை இந்தப் பக்கத்தில் வரும் எல்லோரும் வாசிக்க வேண்டும். கல்லடியில் கடற்கரைக்குக் கிட்ட இருக்கும் வீடுகளில் இருந்து வரும் மெஷின்களில் இன்னொன்று பார்க்கிறேன். உப்புக் காற்று. சப்ளையின் இரும்பு வலையில் துரு, பின்களில் பச்சைப் பூச்சு. கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே மெஷினை வைக்காதீர்கள். சப்ளை கேஸின் அடியில் ஃபேன் கீழ்ப்பார்த்தபடி இருந்தால் அடியில் வலை ஃபில்டர் இருக்க வேண்டும், அதை மாதத்துக்கு ஒரு தடவை கழுவிக் காய வைத்துப் போடுங்கள். தரையில் நேரே வைக்காமல் ஒரு சின்னப் பலகை மேல் வையுங்கள். மழைக்காலத்தில் சூடு தேடி எறும்பும் பல்லியும் உள்ளே போகும். லோட் குறைந்தால் ஃபேன் நின்றுவிடும் சப்ளைகளில், அதை எப்போதும் சுற்ற விடும் பட்டன் இருந்தால் அமத்தி விடுங்கள். நம்ம சூட்டுக்குச் சத்தம் இல்லாத சப்ளையை விடக் காற்றுப் போகிற சப்ளை நல்லது.

சப்ளை பழுதாகி விட்டது என்று யாரும் அதன் மூடியைத் திறக்க வேண்டாம். தங்கச்சி சொன்ன அந்த 400 வோல்ட் கப்பாசிட்டர் ப்ளக்கைக் கழற்றிய பிறகும் நிறைந்தே இருக்கலாம்.

படுவான்கரைப்பொடியன்:
எர்த் வேலைக்கு ஆள் பேசியாயிற்று. பொயின்ட் போட்ட பிறகுதான் மெஷின் பூட்டுவேன்.

இப்போது கையில் இரண்டு தெரிவு. ஒன்று கோர்சேர் சிஎக்ஸ் 650, பிரான்ஸ், மட்டக்களப்பிலேயே ஒரு கடையில் இருக்கிறது. மற்றது எம்எஸ்ஐ மேக் ஏ750ஜிஎல், கோல்ட், கேபிள் எல்லாம் கழற்றிப் பூட்டலாம், ஆனால் கொழும்பு யூனிட்டி பிளாசாவில் இருந்து கூரியரில் எடுக்க வேண்டும். விலை வித்தியாசம் ஒரு சின்ன யூபிஎஸ் அளவு வருகிறது.

ஒலுவில்மின்பொறி:
இரண்டுமே உங்கள் மெஷினுக்குப் போதும். ஏ750ஜிஎல் புதிய ஏடிஎக்ஸ் 3 விதிப்படி செய்தது. அந்த விதியில், சப்ளை தன்னுடைய வாட்டைப் போல இரண்டு மடங்கை 100 மைக்ரோ செக்கன் வரை தாங்க வேண்டும் என்று இருக்கிறது. கார்டின் அந்தத் திடீர்க் குதிகளை நினைத்துத்தான் அதை எழுதினார்கள். புதுக் கார்டுகளுக்கான பதினாறு பின் கேபிளும் அதோடு வரும். ஆனால் உங்கள் 3070க்கு அந்தக் கேபிள் இப்போது தேவைப்படாது.

கல்லடிவாவி:
நான் சிஎக்ஸ் 650ஐச் சொல்வேன். காரணம் கடை உங்கள் ஊரில் இருக்கிறது. கம்பனி ஐந்து வருடம், ஏழு வருடம் என்று எழுதினாலும், இங்கே செல்லுபடியாவது கடை பில்லில் எழுதித் தருகிற வொரண்டிதான். அதைக் கேட்டு, சீரியல் நம்பரோடு பில்லில் எழுதி வாங்குங்கள். பழுதானால் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போவதும், கூரியரில் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் போன் பண்ணிக்கொண்டிருப்பதும் படிக்கிற பொடியனுக்குக் கஷ்டம். விலை வித்தியாசம் ஒரு சின்ன யூபிஎஸ் என்றால், அந்தக் காசைப் பெரிய யூபிஎஸ் வாங்கப் போடுங்கள். படுவான்கரைக் கரண்டுக்கு அதுதான் கூடப் பயன்.

ஏறாவூர்வேங்கை:
நான் இன்னும் 750 கோல்ட் பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் யூபிஎஸா கோல்டா என்று கேட்டால் யூபிஎஸ்தான் சரி, மச்சான்.

படுவான்கரைப்பொடியன்:
சரி, சிஎக்ஸ் 650 எடுக்கிறேன், 1200 விஏ யூபிஎஸோடு. இன்புட் 100-240 என்று இருக்கிறதா என்பதைக் கடையில் பெட்டியைத் திருப்பிப் பார்த்துத்தான் காசு கொடுப்பேன்.

கடைசியாக ஒரு கேள்வி. கார்டுக்கு எட்டுப் பின் இரண்டு வேண்டும். ஒரே கேபிளில் இரண்டு தலை இருந்தால் அதையே இரண்டுக்கும் குத்தலாமா? கூட்டாளி ஒருவனிடம் வேறு கம்பனிச் சப்ளையின் கழற்றுகிற கேபிள் ஒன்று சும்மா கிடக்கிறது, தலை ஒரே மாதிரித்தான் இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளவா?

கல்லடிவாவி:
இரண்டு தனிக் கேபிள் வந்தால் தனித்தனியாகக் குத்துங்கள். ஒரு எட்டுப் பின் தலைக்கு 150 வாட் கணக்கு, போர்டின் ஸ்லொட்டில் இருந்து 75 வரை. உங்கள் 220 வாட் கார்டுக்கு இரட்டைத் தலைக் கேபிளும் ஓடும், ஆனால் தனிக் கேபிளில் வயர் குளிர்ச்சியாக இருக்கும். புரொசெசருக்குப் போகும் நாலும் நாலும் சேர்ந்த எட்டுப் பின்னையும் கார்டுக்குப் போகும் ஆறும் இரண்டும் சேர்ந்த எட்டுப் பின்னையும் குழப்ப வேண்டாம். தலையில் எழுதியிருக்கும், பலத்தைப் போட்டு அமத்தாதீர்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா கேபிளில் இருந்து எட்டுப் பின்னுக்கு மாற்றும் அடப்டர் கடையில் தொங்கும், அதைத் தொடவே வேண்டாம். சாட்டா தலை 12 வோல்டில் 54 வாட்டுக்கு மேல் தாங்காது, உருகும்.

கூட்டாளியின் கேபிளை எடுக்காதீர்கள். கார்ட் பக்கத் தலை எல்லாக் கம்பனிக்கும் ஒன்றுதான், சப்ளை பக்கத் தலையில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது. அழகாகப் பொருந்தும், ஆனால் 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் கிரவுண்ட் வரும். ஒரே கம்பனியின் இரண்டு மாதிரிகளுக்குள்ளேயே மாறும். பெட்டியில் வந்த கேபிளைத் தவிர வேறு எதையும் குத்த வேண்டாம். கடையில் வாங்கும்போதே பெட்டியைத் திறந்து எட்டுப் பின் இரண்டு இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

காரைதீவுவயரிங்:
எர்த் அளந்த பிறகு எத்தனை ஓம் காட்டியது என்று இங்கே எழுதுங்கள் தம்பி. அந்தப் பக்கம் வேறு வீடுகளுக்கும் உதவும்.